புது வண்டிக்கு முதல் ஓட்டம்



எங்கள் படிப்பு மையத்துக்கு ஒரு அண்ணன் வருவார். லாரிப் பட்டறையில் மெக்கானிக். என்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். எழுத்துக்கூட்டிப் படிக்க மட்டும் தயங்குவார். ஒரு நாள் என்னிடம் கேட்டார்:

"தங்கச்சி, வேலை என் கையிலே இருக்கு. நினைப்பிலே இருக்கு. நோட்டிலே எழுதி எனக்கு என்ன ஆகப்போகுது?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பிறகு, சொந்தக் கையால் கார் கட்டி ஓட்டும் சிலரைப் பற்றிப் படித்தேன். அவர்களும் மெக்கானிக் வேலை தெரிந்தவர்கள்தான். ஆனால் நோட்டு இல்லாமல் வண்டியைத் தொட மாட்டார்கள். அவர்கள் கதையே இந்தப் பாடம்.

இது என்ன பந்தயம்?

அமெரிக்காவில் ஒரு வகைக் கார் பந்தயம் உண்டு. அதன் பெயர் டிராக் பந்தயம். இதில் வளைவு இல்லை. சுற்று இல்லை. நேரான ஒரே பாதை. இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். விளக்கு எரிந்ததும் கிளம்பும். கால் மைல் தூரம் ஓடும். கால் மைல் என்றால் 402 மீட்டர்.

நாம் 402 மீட்டர் நடக்க ஐந்து நிமிடம் ஆகும். வீட்டில் கட்டிய ஒரு நல்ல பந்தய வண்டி அதே தூரத்தைப் பன்னிரண்டு, பதின்மூன்று விநாடியில் ஓடிவிடும். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் பந்தயம் முடிந்துவிடும்.

தொடக்கக் கோட்டில் ஒரு கம்பம் நிற்கும். அதில் வரிசையாக விளக்குகள். அதற்குக் 'கிறிஸ்துமஸ் மரம்' என்று பெயர். 1963-ல் இது வந்தது. அதற்கு முன்பு ஒரு ஆள் நின்று கொடி அசைப்பார். மரத்தில் மூன்று மஞ்சள் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரியும். பிறகு பச்சை எரியும். பச்சைக்கு முன்பே கிளம்பினால் சிவப்பு எரியும். முந்திக்கொண்டவர் தோற்றார்.

தெருவிலிருந்து திடலுக்கு

இந்தப் பந்தயம் முதலில் நல்ல பெயர் வாங்கவில்லை. கலிபோர்னியா மாநிலத்து இளைஞர்கள் காய்ந்த ஏரிப் படுகைகளில் வண்டி ஓட்டினார்கள். சிலர் ஊர்த் தெருவிலேயே பந்தயம் விட்டார்கள். விபத்துகள் நடந்தன. உயிர்கள் போயின. மக்கள் வெறுத்தார்கள். காவல்துறை துரத்தியது.

அப்போது சிலர் யோசித்தார்கள். "வேகத்தைத் தடுக்க முடியாது. அதற்கு ஒரு இடமும் ஒழுங்கும் கொடுப்போம்" என்று முடிவு செய்தார்கள். 1950-ல் சான்டா ஆனா என்ற ஊரில் விமான ஓடுபாதையில் பந்தயம் நடத்தினார்கள். 1951-ல் வாலி பார்க்ஸ் என்பவர் இதற்காக ஒரு தேசியச் சங்கம் தொடங்கினார். சங்கம் விதிகளை எழுதியது. வண்டியைச் சோதித்த பிறகே ஓடவிட்டது. 1955-ல் கேன்சஸ் மாநிலத்தில் முதல் தேசியப் போட்டி நடந்தது. அதுவும் விமானத் தளத்தில்தான்.

நம் நாட்டிலும் இப்படி ஒரு இடம் உண்டு. சென்னைக்குப் பக்கத்தில் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை அங்கே இருந்தது. பல ஆண்டுகள் அதில் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் நடந்தன.

ஒன்றை நினைவில் வையுங்கள். பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவது குற்றம். 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 189 இதைச் சொல்கிறது. சாலையில் நடந்து போகிறவர் பந்தயத்துக்கு வரவில்லை. அவர் உயிரோடு விளையாட யாருக்கும் உரிமை இல்லை.

கொட்டகையில் பிறந்த வண்டி

இந்தப் பந்தயத்தில் ஓடுகிறவர்களில் பெரும்பாலோர் பணக்காரர் அல்லர். வார நாட்களில் வேலைக்குப் போகிறவர்கள். ஒருவர் வெல்டர். ஒருவர் எலக்ட்ரீஷியன். ஒருவர் லாரி ஓட்டுநர். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வீட்டுக் கொட்டகையில் கூடுவார்கள். பழைய கார் ஒன்றை வாங்குவார்கள். வேண்டாத பாகங்களைக் கழற்றி எடை குறைப்பார்கள். பெரிய என்ஜினை இறக்குவார்கள். அகலமான பின் டயர் மாட்டுவார்கள். கணவர் ஓட்டுவார், மனைவி கணக்கு எழுதுவார். சில வீடுகளில் மகள் ஓட்டுவாள், அப்பா ஸ்பானர் பிடிப்பார். ஷெர்லி மல்டவ்னி என்ற பெண் 1977-ல் இந்தப் பந்தயத்தின் மிக வேகமான பிரிவில் தேசியப் பட்டம் வென்றார். அந்தப் பட்டத்தை வென்ற முதல் பெண் அவர்.

வண்டி கட்டி முடிய மாதங்கள் ஆகும். சில வீடுகளில் ஆண்டுகள் ஆகும். சேமித்த பணமெல்லாம் அதில் போயிருக்கும். கடைசியில் ஒரு நாள் என்ஜின் உறுமும். எல்லோருக்கும் ஒரே ஆசை எழும். "முழு வேகத்தில் ஒரு முறை விட்டுப் பார்ப்போமா?"

அந்த ஆசைதான் ஆபத்து. புது வண்டியில் எந்த போல்ட் தளர்வாக இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எந்தக் குழாய் கசியும் என்று தெரியாது. கொட்டகையில் நிற்கும்போது எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். அதனால் பழகியவர்கள் முதல் நாளைச் சோதனைக்கு என்றே ஒதுக்குவார்கள். அன்று பந்தயம் இல்லை. பரிசு இல்லை.

ஓடும் முன்பு

திடலுக்குப் போனதும் முதலில் பரிசோதகரிடம் வண்டியைக் காட்ட வேண்டும். அவர் கையில் ஒரு பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறி போடுவார்.

ஆக்சிலேட்டரை விட்டால் தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு இரண்டு ஸ்பிரிங் கேட்பார்கள். ஒன்று அறுந்தாலும் மற்றொன்று இழுக்கும்.

என்ஜினின் சுழற்சியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டு போகும் நீண்ட தண்டு உண்டு. அதைச் சுற்றி ஒரு இரும்பு வளையம் வேண்டும். தண்டு உடைந்தால் தரையில் குத்தி வண்டியைக் கவிழ்த்துவிடும். வளையம் அதைத் தாங்கிப் பிடிக்கும்.

ரேடியேட்டரில் பொங்கும் நீரைப் பிடிக்க ஒரு டப்பா வேண்டும். இது சிறிய விஷயமாகத் தெரியும். ஆனால் பாதையில் கொஞ்சம் நீரோ எண்ணெயோ சிந்தினால் போதும். பின்னால் வரும் வண்டி வழுக்கும். நம் கசிவு அடுத்தவருக்கு ஆபத்து.

ஓட்டுநருக்கு ஹெல்மெட் வேண்டும். இருக்கை பெல்ட் வேண்டும். பத்து விநாடிக்குள் ஓடும் வண்டிக்குள் இரும்புக் குழாயால் கூண்டு கட்ட வேண்டும். வண்டி உருண்டாலும் கூண்டு நசுங்காமல் ஆளைக் காக்கும். மணிக்கு 240 கிலோமீட்டருக்கு மேல் போகும் வண்டிக்குப் பின்னால் பாராசூட் வேண்டும். பிரேக் மட்டும் போதாது.

பட்டியலில் ஒன்று குறைந்தாலும் வண்டி ஓடாது. கெஞ்சினாலும் விடமாட்டார்கள்.

சிறுகச் சிறுக

முதல் படி: நிறுத்தி வைத்தே என்ஜினை ஓட்டுவார்கள். சூடு ஏறும் வரை விடுவார்கள். கீழே அட்டை விரித்து, சொட்டு விழுகிறதா என்று பார்ப்பார்கள். விழுந்தால் துடைத்து, எங்கிருந்து வந்தது என்று தேடுவார்கள்.

இரண்டாம் படி: மெதுவாக உருட்டி பிரேக்கைப் பார்ப்பார்கள். போவதற்கு முன்பு நிற்கத் தெரிய வேண்டும் அல்லவா?

மூன்றாம் படி: தொடக்கக் கோட்டிலிருந்து கொஞ்ச தூரம் மட்டும் வேகமாகக் கிளம்புவார்கள். உடனே காலை எடுத்துவிடுவார்கள். வண்டி நேராகப் போகிறதா? ஒரு பக்கம் இழுக்கிறதா? திரும்பி வந்து எல்லா நட்டுகளையும் மீண்டும் முடுக்கிப் பார்ப்பார்கள்.

நான்காம் படி: பாதி தூரம். அதாவது 201 மீட்டர். மறுபடி வந்து பார்ப்பார்கள்.

எல்லாம் சரியாக இருந்தால்தான் ஐந்தாம் படி. முழு தூரம்.

ஒவ்வொரு படிக்கும் பிறகு ஒருவர் நோட்டில் எழுதுவார். என்ன நேரம், வெயில் எவ்வளவு, டயரில் காற்று எவ்வளவு, எதை மாற்றினோம், என்ன ஆனது என்று எழுதுவார். வெயிலை எதற்கு எழுத வேண்டும்? சூட்டில் காற்று மெலிந்துவிடும். மெலிந்த காற்றை இழுக்கும் என்ஜினுக்குப் பலம் குறையும். காலையில் ஓடியதுபோல மதியம் ஓடாது. இதை எழுதி வைக்காதவர், வண்டி கெட்டுவிட்டது என்று நினைத்து நல்ல பாகத்தைக் கழற்றுவார்.

சீட்டு பேசுகிறது

பாதையின் ஓரத்தில் பல இடங்களில் ஒளிக் கதிர் குறுக்கே பாயும். வண்டி அதைக் கடக்கும் நொடியைக் கருவி குறித்துக்கொள்ளும். ஓடி முடித்ததும் ஓட்டுநருக்கு ஒரு சிறு சீட்டு கிடைக்கும். பஸ் டிக்கெட் போல இருக்கும். அதில் வெறும் எண்கள்தான். படிக்கத் தெரிந்தவருக்கு அந்த எண்கள் கதை சொல்லும்.

ஒரு எடுத்துக்காட்டு பாருங்கள். ஒரே வண்டியின் மூன்று ஓட்டங்கள். நேரம் விநாடியில்.

முதல் சீட்டு
18 மீட்டர்: 1.80
201 மீட்டர்: 8.00
402 மீட்டர்: 12.50

இரண்டாம் சீட்டு
18 மீட்டர்: 2.00
201 மீட்டர்: 8.25
402 மீட்டர்: 12.80

மூன்றாம் சீட்டு
18 மீட்டர்: 1.80
201 மீட்டர்: 8.00
402 மீட்டர்: 12.90

முதல் சீட்டையும் இரண்டாம் சீட்டையும் ஒப்பிடுங்கள். இரண்டாம் ஓட்டத்தில் 18 மீட்டரிலேயே நேரம் கூடிவிட்டது. அப்படியானால் கிளம்பும்போதே தவறு. டயர் பிடிக்காமல் சுழன்றிருக்கலாம்.

மூன்றாம் சீட்டில் தொடக்கம் நன்றாக இருக்கிறது. பாதி தூரமும் நன்றாக இருக்கிறது. அதற்குப் பிறகுதான் வண்டி சோர்ந்திருக்கிறது. வேகம் கூடக் கூட என்ஜினுக்குப் பெட்ரோல் போதாமல் போயிருக்கலாம். டயரைத் தொட வேண்டியதில்லை. பெட்ரோல் குழாயைப் பார்க்க வேண்டும்.

மூன்று சீட்டும் இல்லை என்றால் என்ன ஆகும்? ஒருவர் டயர் என்பார். ஒருவர் என்ஜின் என்பார். குரல் பெரியவர் ஜெயிப்பார். கோளாறு அப்படியே இருக்கும்.

இங்கே ஒரு விதி உண்டு. ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். டயர் காற்றையும் பெட்ரோலையும் சேர்த்து மாற்றினால், எதனால் சரியானது என்று தெரியாது.

அடிபட்டுக் கற்ற பாடம்

டான் கார்லிட்ஸ் இந்தப் பந்தயத்தின் பெரிய பெயர். புளோரிடா மாநிலத்துக்காரர். தன் வண்டிகளைத் தானே கட்டினார். அந்தக் காலத்தில் மிக வேகமான வண்டிகளில் என்ஜின் முன்னால் இருக்கும். ஓட்டுநர் அதன் பின்னால் உட்காருவார். கியர் பெட்டி அவர் கால்களுக்கு அருகில் இருக்கும். என்ஜின் வெடித்தால் நெருப்பும் எண்ணெயும் அவர் முகத்தில் அடிக்கும்.

1970, மார்ச் 8. கலிபோர்னியாவில் ஒரு பந்தயம். வண்டி கிளம்பியதும் கியர் பெட்டி வெடித்தது. வண்டி இரண்டு துண்டானது. கார்லிட்ஸின் வலது பாதத்தில் ஒரு பகுதி போய்விட்டது.

அவர் மருத்துவமனையில் படுத்திருந்தார். பந்தயத்தை விட்டுவிடலாம் என்று பலரும் நினைத்திருப்பார்கள். அவரோ புது வண்டிக்குப் படம் போட்டார். அதில் என்ஜின் ஓட்டுநருக்குப் பின்னால் இருந்தது. வெடித்தாலும் ஓட்டுநருக்குப் பின்னால்தான் வெடிக்கும்.

இந்த யோசனை முன்பே சிலருக்கு வந்ததுதான். ஆனால் அப்படிக் கட்டிய வண்டிகள் நேராக ஓடவில்லை. கார்லிட்ஸின் புது வண்டியும் முதலில் அப்படித்தான் செய்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. அவரும் அவருடைய தோழர்களும் சோதனை ஓட்டம் விட்டார்கள். திரும்ப வந்து பார்த்தார்கள். மீண்டும் விட்டார்கள்.

கடைசியில் கோளாறு பிடிபட்டது. அது என்ஜினில் இல்லை. ஸ்டியரிங்கில் இருந்தது. ஓட்டுநர் கொஞ்சம் திருப்பினால் முன் சக்கரம் அதிகம் திரும்பியது. அதைச் சரி செய்யத் திருப்பினால் மறுபக்கம் அதிகம் போனது. ஸ்டியரிங்கைத் திருப்பும் அளவுக்குச் சக்கரம் மெதுவாகத் திரும்பும்படி மாற்றினார்கள். வண்டி நேராக ஓடியது.

1971-ல் கலிபோர்னியாவின் போமோனா ஊரில் நடந்த பெரிய போட்டியில் அந்த வண்டி வென்றது. சில ஆண்டுகளில் மற்றவர்களும் என்ஜினைப் பின்னால் வைக்கத் தொடங்கினார்கள். இன்றும் அந்த வகை வண்டிகளில் என்ஜின் பின்னால்தான் இருக்கிறது. பொறுமையாகச் செய்த சோதனை, அவருக்குப் பின் வந்த எத்தனையோ ஓட்டுநர்களைக் காத்தது.

ஆபத்து முழுதும் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 2008-ல் புகழ்பெற்ற ஓட்டுநர் ஒருவர் ஓட்டத்தில் இறந்தார். அதன் பிறகு மிக வேகமான வண்டிகளுக்கு ஓட்ட தூரத்தை 305 மீட்டராகக் குறைத்தார்கள். விதிகள் இப்படித்தான் வளர்கின்றன. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் பட்ட அடி இருக்கும்.

கண்ணாடியில் ஒரு எண்

சாதாரண ஆட்கள் ஓடும் போட்டியில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. ஒவ்வொருவரும் தன் வண்டி எத்தனை விநாடியில் ஓடும் என்று முன்பே சொல்ல வேண்டும். அந்த எண்ணை வண்டிக் கண்ணாடியில் எழுதுவார்கள். பலர் வெள்ளை ஷூ பாலிஷால் எழுதுவார்கள். எளிதில் துடைத்து மாற்றலாம்.

ஒருவர் 14.00 என்று எழுதினார். மற்றவர் 12.50 என்று எழுதினார். மெதுவான வண்டிக்கு 1.50 விநாடி முன்பே பச்சை எரியும். இருவரும் சொன்னபடி ஓடினால் ஒரே நேரத்தில் கோட்டைத் தொடுவார்கள். அதனால் பழைய வண்டிக்காரரும் புது வண்டிக்காரரை வெல்லலாம்.

வேண்டுமென்றே கூடுதல் எண்ணை எழுதி ஏமாற்றலாமா? முடியாது. எழுதிய எண்ணைவிட வேகமாக ஓடினால் தோல்வி. ஆகவே இங்கே வெல்பவர் அதிக வேகக்காரர் அல்லர். தன் வண்டியைச் சரியாக அறிந்தவர். சோதனை நாளில் எழுதிய நோட்டுதான் அந்த அறிவைத் தரும்.

அண்ணன் சொன்னது

இந்தப் பாடத்தை எங்கள் மையத்தில் வாசித்தேன். மெக்கானிக் அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்:

"தங்கச்சி, ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு லாரிக்கு சக்கரம் மாட்டினேன். நடுவிலே யாரோ கூப்பிட்டாங்க. போய்ட்டு வந்தேன். லாரி கிளம்பிடுச்சு. ராத்திரி படுத்தப்போதான் சந்தேகம் வந்தது. அந்த நட்டெல்லாம் முடுக்கினேனா, இல்லையா? தூக்கமே வரலை. மறுநாள் தெரிஞ்சுது. வழியிலே சக்கரம் ஆடியிருக்கு. டிரைவர் கவனிச்சு ஓரங்கட்டியிருக்கார். அவருக்கு மூணு பிள்ளைங்க."

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் தன் நோட்டைத் திறந்தார். பென்சிலை எடுத்தார். "லாரி நம்பருக்குப் பக்கத்திலே 'முடுக்கியாச்சு'ன்னு எழுதணும். 'டு'வுக்கு அப்புறம் 'க்' வருமா?" என்று கேட்டார்.

"வரும் அண்ணே" என்றேன்.

இப்போது அவருடைய பட்டறையில் ஆணியில் ஒரு நோட்டு தொங்குகிறது. தேதி, லாரி எண், செய்த வேலை, முடுக்கியாச்சு என்று நான்கு கட்டங்கள். நான்காவது கட்டம் நிரம்பாமல் லாரி வெளியே போவதில்லை.

புதிய சொற்கள்

பரிசோதகர் – சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவர்
ஓடுபாதை – விமானம் ஏறி இறங்கும் பாதை
கசிவு – சிறிது சிறிதாக வெளியே வடிதல்
ஒப்பிடுதல் – இரண்டை அருகில் வைத்து வேறுபாடு பார்த்தல்

விடை சொல்லுங்கள்

1. பச்சை விளக்குக்கு முன்பே கிளம்பினால் என்ன ஆகும்?
2. ஆக்சிலேட்டருக்கு இரண்டு ஸ்பிரிங் எதற்கு?
3. புது வண்டியை முதலிலேயே முழு வேகத்தில் ஓட்டக் கூடாது. ஏன்?
4. கார்லிட்ஸின் புது வண்டி ஆடியதற்கு எது காரணம்?
5. ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். ஏன்?

கணக்குப் போடுங்கள்

1. ஒரு வண்டி 13.20 என்று எழுதியிருக்கிறது. எதிர் வண்டி 12.70 என்று எழுதியிருக்கிறது. மெதுவான வண்டிக்கு எத்தனை விநாடி முன்பு பச்சை எரியும்?
2. முதல் சீட்டைப் பாருங்கள். 201 மீட்டரிலிருந்து 402 மீட்டர் வரை போக எத்தனை விநாடி ஆனது? மூன்றாம் சீட்டில் எத்தனை விநாடி?

செய்து பாருங்கள்

நீங்கள் செய்யும் வேலை எது? தையலா, சமையலா, விவசாயமா, பட்டறையா? மறந்தால் ஆபத்தோ நட்டமோ தரும் மூன்று விஷயங்களை நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு கட்டம் போடுங்கள். ஒரு வாரம் குறித்து வாருங்கள். அடுத்த வாரம் மையத்துக்குக் கொண்டு வந்து மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.